வெறுங்கல் ஓடிய சத்தம்

அது கப்பல் கட்டும் துறையில் பதிவான சத்தம் இல்லை. பாரந்தூக்கியும் இல்லை, துருப்பிடித்த சங்கிலியும் இல்லை. டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் மூன்றாம் மாடி வீட்டுக் குசினியில் என் அம்மா உளுந்து அரைத்த கிரைண்டர் அது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இருபத்தைந்து வருடமாக ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாதவர்களில் நானும் ஒருத்தி.

சென்ற இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் என் மகள் என்னை நகர நூலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்குப் பதினேழு வயது. கிட்டார் வாசிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் அவள் டேனிஷில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் அப்படித்தான் வழக்கம். அன்றைக்கு அவள் போட்டிருந்த கறுப்புச் சட்டையில் ஒரு இசைக்குழுவின் சின்னம் இருந்தது. அந்தச் சின்னத்தை வரைந்த இரவல் பேனா யாருடையது என்றுகூட எனக்குத் தெரியும். ஆனால் நான் அவளிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. "நீயும் வா, உனக்குக் கொஞ்சம் நல்ல இசை தெரியட்டும்" என்றாள். எனக்கு!

மேடையில் அந்தக் குழுவின் பாடகன் உட்கார்ந்திருந்தான். தாடி நரைத்துவிட்டது, வயிறு முன்னால் வந்துவிட்டது, குரல் மட்டும் அதே கரகரப்பு. இரண்டாவது இசைத்தட்டை வெள்ளிவிழாப் பதிப்பாகத் திரும்ப வெளியிடுகிறார்கள். அதற்காக ஊர் ஊராகப் போய்க் கதை சொல்கிறான். "எங்கள் குழுவில் நால்வர்" என்று தொடங்கினான். "மூன்று மனிதர், ஒரு இயந்திரம்." சபை சிரித்தது. பிறகு மாசி மாதக் குளிரில் மூடிக்கிடந்த கப்பல் துறையின் வேலியில் ஏறினார்களாம். காவல் நாய் துரத்தியதாம். ஒரு பழைய பாரந்தூக்கிக்குக் கீழே மைக்கை வைத்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆறாவது பாட்டில் வரும் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்தானாம். இவன் பக்கத்து வீட்டுப் பூடில் நாய்க்குப் பயந்து தெருவைக் கடந்து நடந்தவன். எனக்குக் காது இரண்டும் சுட்டது. என் மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்குக் காதுதான் தொழில். மருத்துவமனையின் செவிப்புலப் பிரிவில் வேலை செய்கிறேன். ஆட்களைச் சத்தம் புகாத கூண்டுக்குள் இருத்தி, மெல்லிய ஓசைகளை அனுப்பி, கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்வேன். மற்றவர்களுக்கு எது கேட்கவில்லை என்று கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்டவள் அன்று ஒரு மணித்தியாலம் அந்தப் புளுகைக் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

கிரைண்டர் எங்கள் வீட்டுக்கு வந்த கதை இது. லண்டனில் இருந்த சித்தப்பா அதைக் காரில் ஏற்றி, கப்பலில் கடல் தாண்டி, ரண்டர்ஸ் வரை கொண்டுவந்து கொடுத்தார். எவர்சில்வர் தொட்டி, கருங்கல் அடி, அதன்மேல் உருளுகிற இரண்டு கல். உளுந்தும் தண்ணீரும் விட்டால் களகளவென்று அடக்கமாக ஓடும். ஒன்றும் போடாமல் ஓட்டினால் கல்லோடு கல் உரசும், கீழே ரப்பர்ப் பட்டி வழுக்கும், பல் கூசுகிற மாதிரி ஒரு அலறல் வரும். அம்மாவின் குசினியில் சட்டங்கள் குறைவு. அவற்றில் முதலாவது, வெறுங்கல்லை ஓட்டக் கூடாது. கல் தேயும், மாவில் மண் கடிபடும்.

நான் அந்த அலறலை முதன்முதல் கேட்டபோது எனக்குப் பத்தொன்பது வயது. அம்மா உளுந்து கழுவுகிறதுக்குள் நான் தெரியாத்தனமாகச் சுவிட்சைத் தட்டிவிட்டேன். ஐந்து விநாடிதான். அதற்குள் அம்மா கத்தி, நான் நிறுத்திவிட்டேன். ஆனால் அந்த ஐந்து விநாடி என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த நேரம் நான் ஏற்கெனவே அந்த மூன்று பொடியன்களோடு வாசித்துக்கொண்டிருந்தேன். கைவிடப்பட்ட ஒரு பால் பதனிடும் கட்டடத்தில் பயிற்சி. வீட்டில் நான் சொன்னது, நூலகத்தில் வீட்டுப்பாட உதவி வகுப்பு என்று. இண்டஸ்ட்ரியல் மெட்டல் என்றால் பாரமான கிட்டாருக்கு அடியில் தொழிற்சாலைச் சத்தம் ஓட வேண்டும். அந்தச் சத்தத்தைக் கொண்டுவருகிறவள் நான். பாடசாலையின் இசை அறையில் ஒரு சாம்ப்ளர் கிடந்தது. ஒரு சத்தத்தை உள்ளே வாங்கி, கீபோர்டில் எந்தக் கட்டையை அமுக்கினாலும் அந்த உயரத்தில் திருப்பித் தருகிற பெட்டி. அதை இரவல் வாங்கினேன். அம்மா பாடசாலை துப்புரவு வேலைக்குப் போகிற பின்னேரங்களில், கசெட் ரெக்கோர்டரைச் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் வைத்து, வெறுங்கல்லை ஓட்டினேன். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். ஒருநாள் அம்மா வழக்கத்தைவிட வேளைக்கே வந்துவிட்டா. கதவைத் திறந்தபடியே கத்தினா. "வெறுங்கல்லை ஓட்டாதை பிள்ளை, கல்லுத் தேயும்!" அதுவும் பதிவாகிவிட்டது. நான் வெட்டவில்லை. எல்லாவற்றையும் பாதி வேகத்துக்கு இறக்கினேன். கிரைண்டர் மலை உருளுகிற மாதிரி ஆனது. அம்மாவின் குரல் ஆண்குரலைவிடக் கீழே போய், சொற்கள் கரைந்து, அந்த ஆறாவது பாட்டின் முடிவில் தனியாக நின்றது.

அந்தக் குழுவின் வரலாற்றை இன்று யார் யாரோ எழுதுகிறார்கள். நான் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாவது வெளியீடு ஒரு கசெட். மூன்று பேரின் ஆர்வமும் என்னுடைய சட்டி பானைச் சத்தமும், வேறொன்றும் இல்லை. இரண்டாவதுதான் இசைத்தட்டு. அதைக் கேட்டுவிட்டுத்தான் ஜெர்மனியிலும் நோர்வேயிலும் பொடியன்கள் இரும்பைத் தேய்க்கத் தொடங்கினார்கள். அந்த ஆறாவது பாட்டை எத்தனை குழுக்கள் நகல் எடுத்தன என்று எனக்குத் தெரியாது, ஆனால் கேட்ட நகல் ஒவ்வொன்றிலும் என் காது முதலில் பிடித்தது ரப்பர்ப் பட்டி வழுக்காததைத்தான். மூன்றாவது இசைத்தட்டு நான் இல்லாமல். விலை கூடிய இயந்திரங்கள் வாங்கி, பெரிய ஸ்டூடியோவில் செய்தார்கள். உப்பில்லாப் பண்டம். நாலாவதோடு குழு உடைந்தது. பிறகு சேர்ந்தார்கள், பிறகும் உடைந்தார்கள். ஆனால் எல்லாக் கட்டுரைகளிலும் இரண்டாவதுதான் நிற்கும், அதிலும் அந்த இயந்திரம்தான் நிற்கும்.

என் பெயர் எங்கே போனது? அதற்குத்தான் வருகிறேன்.

இரண்டாவது தட்டு அச்சுக்குப் போகிற வாரம். ஒரு நிகழ்ச்சிக்கு ஒட்டிய சுவரொட்டியில் நாங்கள் நால்வரும் நின்றோம். பொடியன்கள் மூவரும் மேற்சட்டை இல்லாமல், கிறீஸ் பூசிக்கொண்டு. நடுவில் நான், தலைமயிரை விரித்துவிட்டு. தமிழ்ச் சங்கத்தில் அப்பாவோடு பழகுகிற ஒரு மனிதர் அதை ரயில் நிலையத்தில் பார்த்துவிட்டு, நேரே எங்கள் வீட்டு மணியை அடித்தார். வந்தவர் அம்மா கொடுத்த தேத்தண்ணியை முழுதாகக் குடித்துவிட்டுத்தான் சொன்னார். "உங்கடை மகள் சட்டையில்லாத பொடியளோட நிக்கிறா. நான் சொல்ல வேண்டியது என்ரை கடமை."

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "கனடாப் பகுதி விசாரிக்கினம்" என்றார். கனடாவிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை பகுதி விசாரிக்கிறது என்றால் சும்மா இல்லை. டென்மார்க்கில் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று தோண்டித் துருவுவார்கள். "இந்த நேரம் பார்த்து உன்ரை படம் ஸ்டேஷன்ல தொங்குது. நாலு சனம் என்ன கதைக்கும்? உனக்குப் பிறகு தங்கச்சியும் இருக்கிறாள்." குசினி வாசலில் அம்மா நின்றா. நான் அவவைப் பார்த்தேன். அவ துணியால் ஒரே கோப்பையைத் துடைத்துக்கொண்டு நின்றா. ஒரு சொல் இல்லை.

அன்றைக்கே பாடகனுக்குக் கடிதம் எழுதினேன். நல்ல டேனிஷில், என் கையெழுத்தில், ஒரு பக்கம். என் படத்தையும் பெயரையும் எடுத்துவிட வேண்டும், இந்தத் தட்டிலும் இனி வரப்போகிற எதிலும் என்னைக் குறிப்பிடக் கூடாது, ஒருபோதும் வேண்டாம். 'ஒருபோதும்' என்ற சொல்லுக்குக் கீழே கோடும் போட்டேன், அப்பா பக்கத்தில் நின்றபடியால். தட்டு வந்தபோது என் படம் இருந்த இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம். கீழே, நாலாவது ஆள்: இயந்திரம்.

கனடாச் சம்பந்தம் மூன்று மாதத்தில் முறிந்தது. சுவரொட்டியை அவர்கள் கேள்விப்படவே இல்லை. சாதகத்தில் எனக்குச் செவ்வாய் எட்டில் இருந்ததாம். பிறகு நான் கட்டிய மனிதர் செவ்வாயையும் கேட்கவில்லை, சுவரொட்டியையும் கேட்கவில்லை.

இந்தக் கோபத்தோடுதான் அந்தச் சனிக்கிழமை நூலகத்தில் இருந்தேன். பேச்சு முடிந்து ஆட்கள் கையெழுத்துக்கு வரிசையில் நின்றார்கள். நானும் மகளோடு நின்றேன். எங்கள் முறை வந்தபோது அவன் தலை நிமிராமலே பெயரைக் கேட்டான். நான் என் பெயரைச் சொன்னேன். பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தான், எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். நான் கையைத் தூக்கவில்லை.

"எந்தக் கப்பல் துறை?" என்று டேனிஷில் கேட்டேன்.

அவன் எங்கள் இருவரையும் ஒரு ஓரத்துக்குக் கூட்டிப் போனான். "நீ எழுதின கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது" என்றான். "ஒருபோதும் என்று கோடு போட்டிருந்தாய். எத்தனை பேர் கேட்டார்கள் தெரியுமா, அந்தச் சத்தம் யார் செய்தது என்று? எதையாவது சொல்லத்தானே வேண்டும். உன்னைக் காப்பாற்றத்தான் அந்தக் கதையைக் கட்டினேன். நீ கேட்டதைத்தான் செய்தேன்."

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாதி உண்மை. அவன் சொல் தவறவில்லை. எங்கள் ஆட்களில் எத்தனை பேர் ஒரு இரகசியத்தை இருபத்தைந்து நாள் வைத்திருப்பார்கள்? ஆனால் மற்றப் பாதி? வேலி ஏறினது யார், நாய் துரத்தினது யாரை, உயிரைக் கையில் பிடித்தது யார்? எல்லாம் அவன்.

"என் பேரை மறைக்கத்தான் சொன்னேன்" என்றேன். "என் வேலையை நீ எடுத்துக்கொள் என்று எங்கே எழுதியிருந்தேன்? அந்தக் கடிதத்தை எடுத்து வாசித்துப் பார்."

புதிய பதிப்பின் உறைகள் அச்சாகி முடிந்துவிட்டன என்றான். இனி ஒன்றும் மாற்ற முடியாதாம். கறுப்புச் சதுரம்தான். ஆனால் அடுத்த ஞாயிறு கோப்பன்ஹேகனில் இதே பேச்சு இருக்கிறது, அங்கே உண்மையைச் சொல்கிறேன், வா, என்றான்.

வீட்டுக்கு வந்ததும் என் மகள் சப்பாத்தைக் கழற்றாமலே திரும்பினாள். பாடகன்மீது பாயப்போகிறாள் என்று நினைத்தேன். என்மீது பாய்ந்தாள். "நீ ஏன் அதை எழுதினாய்?"

அப்பா, கனடா, தங்கச்சி, நாலு சனம் என்று நான் அடுக்கினேன். அவள் கேட்டுவிட்டு, "அந்த நாலு பேர் யார்? பேர் சொல்லு" என்றாள். யோசித்துப் பார்த்தேன். தேத்தண்ணி குடித்த ஒருவர்தான் நினைவுக்கு வந்தார். அவரும் செத்துப் பத்து வருடம். "பதினேழு வருடமாக எனக்கு ஏன் சொல்லவில்லை? அதற்கும் அந்தக் கடிதத்தில் கோடு போட்டிருந்ததா?" என்று கேட்டுவிட்டுக் கதவை அடித்துச் சாத்தினாள். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு கோப்பையை உடைக்கலாம் போலிருந்தது. எல்லாரும் சரியாகவே பேசினார்கள். அதுதான் ஆத்திரம்.

அடுத்த நாள் அம்மாவிடம் போய் முழுவதையும் கொட்டினேன். அப்பா இல்லை, கேட்க இனி அம்மாதான் இருக்கிறா. அதே மூன்றாம் மாடி, அதே குசினி, கிரைண்டர் மட்டும் புதிது. பழையதன் கல் இரண்டு வருடத்தில் தேய்ந்துபோனது. அம்மா அதற்குச் சித்தப்பாவைத்தான் பழி சொன்னா, யாரோ பாவித்த பழசைத் துடைத்துத் தந்துவிட்டார் என்று. அவரும் ரோசக்காரர். அப்பாவின் செத்தவீட்டுக்கு வந்தபோதுகூட இருவரும் இரண்டு சொல்லுக்கு மேல் கதைக்கவில்லை. எனக்கு உண்மை தெரியும். அதையும் நான் சொல்லவில்லை. அன்றைக்கும் அந்தப் பகுதியை விழுங்கிவிட்டேன். சத்தம் கிரைண்டருடையது என்று மட்டும் சொன்னேன்.

"அண்டைக்கு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்" என்றேன். "வாசலிலதானே நிண்டனீங்கள்."

அம்மா கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தா. "ஓம்" என்றா. அவ்வளவுதான். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை நானும் வாறன்" என்றா.

மூவரும் ரயிலில் போனோம். அம்மா உளுந்து வடை சுட்டு அலுமினியத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தா. பெட்டி முழுக்க மணம். மகள் என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை, ஆனால் வடை மூன்று சாப்பிட்டாள்.

கோப்பன்ஹேகனில் மண்டபம் பெரிது, நிறைந்த சபை. பாடகன் சொன்னபடியே செய்தான். கப்பல் துறைக் கதை பொய் என்றான். குழுவில் நாலாவதாக ஒரு பெண் இருந்தாள், சத்தங்கள் எல்லாம் அவள் செய்தவை என்றான். ஆறாவது பாட்டின் இயந்திரம் அவளுடைய அம்மாவின் சமையலறைச் சாமான், அப்பம் சுட மா அரைக்கிற மெஷின் என்றான்.

சபை சிரித்தது.

கெட்ட சிரிப்பு இல்லை என்று பிறகு மகள் சொன்னாள். எனக்கு நல்லது கெட்டது தெரியவில்லை. கப்பல் துறை என்றபோது இதே மாதிரி ஆட்கள் மூச்சை அடக்கிக் கேட்டார்கள். குசினி என்றதும் சிரிப்பு வருகிறது. ஒரு கூட்டம் கதைக்கும் என்று பயந்து பெயரை எடுத்தேன். பெயர் திரும்பி வருகிற நேரம் இன்னொரு கூட்டம் சிரிக்கிறது. அம்மா என் பக்கம் சாய்ந்து, "ஏன் பிள்ளை சிரிக்கினம்?" என்று கேட்டா.

நான் எழுந்தேன். மைக்குக்குக் காத்திருக்கவில்லை. என் முழுப் பெயரைச் சொன்னேன், பின்னால் அப்பாவின் பெயரோடு. எங்களுக்கு அது இல்லாமல் பெயர் இல்லை, என் பெயர் வேண்டாம் என்றவரும் சேர்ந்துதான் வருவார். "அந்த மெஷினை ஓட்டினது நான்" என்றேன். "சிரித்தது போதும். பாட்டைப் போடுங்கள். சத்தத்தைக் கூட்டிப் போடுங்கள்."

போட்டார்கள். கதிரைகள் அதிர்ந்தன. முதல் நிமிடத்திலேயே மண்டபத்தில் ஒரு முகத்திலும் சிரிப்பு இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு என் கல் உருளுவதைக் கேட்டேன். நல்ல வேலை. அதை நான் சொல்லத்தான் வேண்டும், வேறு யார் சொல்வார்? கடைசியில் எல்லாம் அடங்கி, அந்தக் கனத்த குரல் தனியாக வந்தது. அது யாருடையது என்று நான் மகளுக்கு மட்டும் சொல்லியிருந்தேன். அவள் அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள், தமிழில்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தா. "உது நானெல்லோ" என்றா. அந்த வருடங்களில் அம்மா அந்த வீட்டில் வாய் திறந்ததற்குச் சாட்சியாக அந்த ஒரு வசனம்தான் மிஞ்சியது, அதையும் கல்லுக்காகத்தான் கத்தினா. கொஞ்ச நேரம் கை விரல்களால் எதையோ கணக்குப் பார்த்தா. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தா.

"எவ்வளவு நேரம் வெறுங்கல்லை ஓட்டினனி?"

"கன நாள் அம்மா. நீங்கள் வேலைக்குப் போற நேரமெல்லாம்."

நான் ஏச்சுக்குத் தயாரானேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் கைப்பையைத் தூக்கிக்கொண்டு, வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களைத் தாண்டி வெளியே போனா. மேடையில் பாடகன் எனக்குக் கைதட்டச் சொல்லிக்கொண்டிருந்தான். சபை தட்டியது. நான் அம்மாவுக்குப் பின்னால் ஓடினேன்.

கோட்டுகள் தொங்கவிடும் இடத்தில் அவ கைத்தொலைபேசியைக் காதில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றா. மறுமுனையில் லண்டன்.

"தம்பி, நான் அண்ணி கதைக்கிறன். அந்தக் கிரைண்டர்க் கல்லு நல்ல கல்லுத்தான். பிழை எங்கடை பக்கம்."

இந்த விஷயம் முழுவதிலும், அப்பாவிடமிருந்தோ, பாடகனிடமிருந்தோ, என் வாயிலிருந்தோ நான் ஒருநாளும் கேட்காத வசனம் அது. கோட்டுகளுக்கு நடுவில் நின்று அழுதேன். அம்மா ஒரு கையால் வடைப் பொட்டலத்தை என்னிடம் நீட்டிக்கொண்டே, சித்தப்பா சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தா.